உப்புக்காத்துக்குத் தாங்குற போன் எது?

"பிசினஸ் போன்" அப்படின்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருது? எனக்கு விளம்பரத்துல வர்ற ஆளுதான். கோட்டு சூட்டு, ஏர்போர்ட், ஒரு கையில காப்பி, இன்னொரு கையில போன். ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல மெயில் பார்த்துக்கிட்டு இருப்பாரு. அவருதான் அலைஞ்சு திரிஞ்சு தொழில் பண்றவராம்!

எங்க ராமநாதபுரம் கடற்கரைக்கு வந்து பாருங்க. விடியறதுக்கு முன்னாடி பாம்பன்ல நண்டு ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, எட்டு மணிக்குள்ள வண்டி ஏத்துற வியாபாரி. மண்டபத்துல கருவாடு வாங்கி ஊர் ஊரா போடுற அம்மா. பரமக்குடி பக்கம் முண்டு மிளகாய்க்குப் பேரம் பேசுற புரோக்கர். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கி விக்கிறவரு. ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசல்ல ரயில் வர்ற நேரம் பார்த்து நிக்கிற ஆட்டோ அண்ணன். இவங்க ஒருத்தருக்கும் ஆபீஸ் கிடையாது. போன்தான் ஆபீஸ், போன்தான் கல்லாப்பெட்டி, போன்தான் கணக்குப்பிள்ளை. இவங்களுக்கு எந்த போன் நல்லதுன்னு எந்தப் பத்திரிகையும் எழுதி நான் பார்த்ததில்ல. அதான் நானே உட்கார்ந்துட்டேன்.

காரணம் எங்க மாமா. அம்மாவோட தம்பி, பாம்பன்காரரு, நண்டும் மீனும் வாங்கி அனுப்புற தொழில். அவரு போன் கொஞ்ச நாளா மக்கர். சார்ஜர் சொருகுற ஓட்டை பச்சை பூத்துப்போச்சு. ஒரு குறிப்பிட்ட கோணத்துல வளைச்சுப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறும். ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தாரு. ஒருநாள் அதுவும் ஏறல. அன்னிக்கு மதுரைக்காரரு ரெண்டு மணி நேரமா கூப்பிட்டிருக்காரு. கெடைக்கலைன்னதும் வேற ஆள்கிட்ட சரக்கு சொல்லிட்டாரு. ஐஸ் பெட்டியில இருந்த நண்டை மாமா உள்ளூர்லயே நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டாரு.

"மாப்ள, பதினஞ்சாயிரத்துக்கு மேல ஒத்த ரூவா கெடையாது. ஆனா ஏமாத்தாத போனா ஒண்ணு சொல்லு" அப்படின்னாரு.

இது லேசான விஷயம் இல்லைங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். 61 நாளைக்கு விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனை மட்டும் வச்சு மாமா மாதிரி ஆளுங்க காலம் ஓட்டணும். அந்த நேரத்துல பதினஞ்சாயிரம்ங்கிறது முதலீடு.

கொஞ்சம் பழைய கதை. 1995ல இந்தியாவுல செல்போன் வந்தப்ப நிமிஷத்துக்கு பதினாறு ரூபா வரைக்கும் வாங்கினாங்க. வர்ற காலுக்கும் காசு! 2003ல இன்கமிங் இலவசம் ஆனப்புறம்தான் மீன் கூடைக்காரங்க கையில போன் வந்துச்சு. அதே 2003ல வந்ததுதான் நோக்கியா 1100. டார்ச் லைட் உண்டு, தூசி புகாத கீபேடு உண்டு, கை ஈரத்துல வழுக்காது. உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்துச்சு. ஆபீசருங்க கையில பிளாக்பெரி இருந்த காலத்துல எங்க கரையில பிசினஸ் போன்னா அதுதான். இருட்டுல வலை பார்க்கவும் ஆச்சு, வெலை கேட்கவும் ஆச்சு. பிளாக்பெரியோட பழைய போனுங்களுக்கான சேவைய 2022 ஜனவரி 4ஆம் தேதி அந்தக் கம்பெனியே நிறுத்திருச்சு. பழைய 1100 எங்க பக்கம் இன்னும் சில வீட்டுல மேசை டிராயர்ல உயிரோட கெடக்கு :-)

போன் மீன்காரனுக்கு என்ன பண்ணும்கிறதுக்குக் கணக்கே இருக்கு. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர், கேரளாக் கடற்கரைல வருஷக்கணக்கா மத்தி விலையக் குறிச்சு வச்சு 2007ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு. 1997 ஜனவரி 14ஆம் தேதி காலைல வடகரைல 11 படகுக்காரங்க மீனை வாங்க ஆளில்லாமக் கடல்ல கொட்டிட்டாங்க. அதே நேரத்துல 15 கிலோமீட்டருக்குள்ள 27 வியாபாரிங்க மீன் கெடைக்காம வெறுங்கையோட கெளம்பத் தயாரா நின்னாங்க. நடுவுல ஒரு போன் இல்ல, அவ்வளவுதான். டவர் வந்தப்புறம் மீன் வீணாப் போறது நின்னுச்சு. மீனவங்க லாபம் 8 சதவீதம் ஏறுச்சு, வாங்குறவங்களுக்கு வெலை 4 சதவீதம் கொறைஞ்சுது. ரெண்டு பக்கமும் லாபம்! போன் இருந்தும் அடைஞ்சு கெடந்தா என்ன ஆகும்கிறதுக்கு எங்க மாமாவே சாட்சி.

சரி, விஷயத்துக்கு வருவோம். விளம்பரத்துல கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கத்துவாங்க. அதக் காதுல வாங்காதீங்க. இந்த போன் எங்க, எப்படிச் சாகும்னு யோசிங்க. அதுக்கு ஏத்த மாதிரி வாங்குங்க. என் கணக்குல இங்க போனுக்கு எமன் ஆறு பேரு.

1. உப்பு. ஐபி67, ஐபி68ன்னு பெட்டியில போட்டிருப்பான். முதல் நம்பர் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. ஐபி67ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம். ஆனா அது நல்ல தண்ணி கணக்கு. கடல் தண்ணிக்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டாங்க, வாரண்டியிலயும் தண்ணி பட்டது பெரும்பாலும் சேராது. இருந்தாலும் ரெண்டாவது நம்பர் 7 இல்லாட்டி 8 இருக்கிறத வாங்குங்க, இப்ப நடுத்தர விலையிலயே வருது. அந்தத் தரம் உள்ள போன்ல கடல் தண்ணி பட்டுட்டா நல்ல தண்ணில லேசா அலசி, தொடைச்சு, நல்லாக் காய வச்சுட்டு அப்புறம் சார்ஜ் போடுங்க. ஈரத்தோட சொருகினா அந்தப் பச்சைதான் பூக்கும். ஓட்டைக்கு ஒரு சின்ன ரப்பர் மூடி கடையில கெடைக்கும், போட்டுக்குங்க.

2. வெயிலு. கடைக்குள்ள ஏசியில எல்லாத் திரையும் பளபளன்னுதான் இருக்கும். போனை வாசலுக்கு எடுத்துட்டு வந்து உச்சி வெயில்ல பாருங்க. திரை வெளிச்சத்தை நிட்ஸ் கணக்குல சொல்லுவாங்க. ஆயிரத்துக்கு மேல இருந்தா நல்லது. எடைத்தராசுல உள்ள நம்பரை போட்டோ புடிச்சு அனுப்புறப்ப கண்ணு கூசி ஒரு சைபர் மாறிப்போனா யாரு பொறுப்பு?

3. ஈரக்கை. தொடுதிரைக்கு மீன் செதிலும் உப்புத் தண்ணியும் ஆகாது. நீங்க ஒண்ணைத் தொட்டா அது ஒண்ணைத் தொடும். கடையிலயே வெரல நனைச்சுட்டு ஒரு நம்பர் போட்டுப் பாருங்க. கடைக்காரரு முறைப்பாரு, பரவாயில்ல. கைரேகை வச்சுத் திறக்குறத மட்டும் நம்பாதீங்க. ஐஸ்ல ஊறின வெரல்ல ரேகையே இருக்காது.

4. சத்தம். ஏலம் கூவுற இடம், லாஞ்சு எஞ்சின், பாலத்துக் காத்து. பணம் வந்துச்சான்னு சொல்ற சத்தம் கேட்கணும். ஸ்பீக்கர் பலமா இருக்கணும். மாமா டைப் அடிக்க மாட்டாரு, எல்லாம் குரல் பதிவுதான். "பெரிய நண்டு இருவது கிலோ, வெலை சொல்லுங்க அண்ணே" அப்படின்னு அனுப்புறது அந்தப் பக்கம் வெறும் காத்து எரைச்சலாக் கேட்டா வியாபாரம் போச்சு. மைக்கையும் சோதிச்சுப் பாருங்க.

5. சிக்னல். ரெண்டு சிம், ரெண்டும் வேற வேற கம்பெனி. ஒரு கம்பெனிக்கு எடுக்காத எடத்துல இன்னொண்ணு எடுக்கும். மெமரி கார்டு போட்டா ரெண்டாவது சிம்முக்கு எடமில்லாத டப்பாவ வாங்காதீங்க. சாதா பிளாஸ்டிக் சிம்மே போதும். போன் செத்தா கழட்டி வேற போன்ல போட்டுட்டு அடுத்த நிமிஷம் தொழிலைப் பார்க்கலாம். இன்னொண்ணு, தனுஷ்கோடிப் பக்கம் நின்னா போன் இலங்கை டவரைப் புடிச்சு வரவேற்பு மெசேஜ் அனுப்பும். சிரிப்பாத்தான் இருக்கும். ரோமிங் திறந்து கெடந்தா பில்லைப் பார்த்து அழுவீங்க. அதை அணைச்சு வச்சிருங்க.

6. ரிப்பேர். இதுதான் முக்கியம். திரை ஒடைஞ்சா எந்த ஊருல மாத்துவாங்க, எத்தனை நாள் ஆகும்? ராமநாதபுரத்துலயே முடிஞ்சா அரை நாள். "மதுரைக்கு அனுப்பணும்"னு சொன்னா ஒரு வாரம். ஒரு வாரம் போன் இல்லாம வியாபாரி இருக்க முடியுமா? அதே மாதிரி எத்தனை வருஷம் சாப்ட்வேர் அப்டேட் தருவாங்கன்னு கேளுங்க. பழசாப்போன ஆண்ட்ராய்டுல வாட்ஸப்பே நின்னுபோகும். 2025 ஜனவரியில ஆண்ட்ராய்டு 4.4 போனுங்களுக்கு அப்படித்தான் நிறுத்தினாங்க.

பேட்டரி பத்திச் சொல்லலியேன்னு கேட்பீங்க. 5000 எம்ஏஎச்சுக்குக் கொறையாம வாங்குங்க, வண்டியில ஒரு சார்ஜர் மாட்டுங்க. அதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

போனை விட பெரிய சமாச்சாரம் அதுக்குள்ள இருக்கிறது. 2016ல யுபிஐ வந்ததுல இருந்து மாமா கையில நோட்டுப் பொழங்குறது கொறைஞ்சுபோச்சு. யாரு எவ்வளவு தரணும்கிற கணக்கு பூரா குரல் பதிவுல கெடக்கு. சாய்வு நாற்காலில ஒக்காந்து சிவப்பு அட்டை நோட்டுல எழுதின தாத்தா காலம் போச்சு. ஆனா அந்த நோட்டு கடல்ல விழாது! அதனால மாமாகிட்ட மூணு விஷயம் சொன்னேன். வாட்ஸப் பேக்கப் தெனமும் ராத்திரி தானா ஏறணும். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சா வர்ற ஐஎம்இஐ நம்பரை அத்தைகிட்ட எழுதிக் குடுக்கணும். போன் தொலைஞ்சா போலீஸ்ல புகார் குடுத்துட்டு, அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி தளத்துல அந்த நம்பரை வச்சுத்தான் முடக்கணும். மூணாவது, ஒரு கீபேடு போன் எப்பவும் வண்டிப் பெட்டியில இருக்கணும். 2022ல வந்த 123பே மூலமா அதுலயும் பணம் அனுப்பலாம்.

இவ்வளவும் கேட்டுட்டு மாமா ஒரு கேள்வி கேட்டாரு. "மாப்ள, இதையே பயலுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா அவன் கடலுக்குப் போறப்ப எனக்குப் பயமில்லாம இருக்கும்ல?"

அவரு மகன் நாட்டுப்படகுல போறவன். நான் ஒடனே சொன்னேன், "அதுக்கு போனை நம்பாதீங்க மாமா."

செல்போன் டவர் கரைக்காகக் கட்டினது. 2ஜியில சாதாரணமா 35 கிலோமீட்டர்தான் உச்ச எல்லை. அலை மட்டத்துல ஒக்காந்திருக்கிற படகுக்கு அதுக்கு முன்னாடியே போயிரும். 2017 நவம்பர் கடைசில ஒக்கிப் புயல் வந்தப்ப ஆழ்கடல்ல இருந்த கன்னியாகுமரி, கேரளா மீனவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரல. எத்தனை குடும்பம் அழிஞ்சுதுன்னு நமக்குத் தெரியும். அதுக்கப்புறம் 2019ல ஜெமினின்னு ஒரு கருவி வந்துச்சு. செயற்கைக்கோள்ல இருந்து எச்சரிக்கைய வாங்கி புளூடூத்ல போனுக்குக் குடுக்கும். அதுவும் ஒரு வழிதான், வாங்கும், திருப்பிப் பேசாது. வெளிநாட்டு விளம்பரத்துல வர்ற மாதிரி செயற்கைக்கோள் போனை வாங்கி வச்சுக்கவும் முடியாது, இந்தியாவுல அனுமதியில்லாம வச்சிருக்கிறது குத்தம்.

ஜிபிஎஸ் மட்டும் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஃபிஷர் பிரண்ட் செயலியில அலை, காத்து, எல்லைக்கோடு எச்சரிக்கை எல்லாம் உண்டு. கரையிலயே இறக்கி வச்சுக்கலாம். அது உதவிதான். ஆபத்துன்னா விஎச்எஃப் வயர்லெஸ், சேனல் 16. கரையில இருக்கிறவங்க கூப்பிட கோஸ்ட் கார்டு 1554.

"வயர்லெஸ் செட்டு படகுல இருக்குடா. அவன் போனுக்குத்தான் சார்ஜ் போடுவான், அதுக்குப் போட மாட்டான்" அப்படின்னாரு மாமா. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

கடைசியில மாமா பன்னெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒண்ணு வாங்கினாரு. வெயில்ல பார்த்து, வெரல நனைச்சு, கடைக்காரப் பையனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க வச்சு சத்தமாப் பேசச் சொல்லித்தான் வாங்கினாரு. மாடல் பேரு சொல்லச் சொல்லாதீங்க, ஆறு மாசத்துல அந்த மாடலே இருக்காது. மிச்சக் காசுல மகனோட வயர்லெஸ் செட்டுக்குப் புது பேட்டரியும், கழுத்துல தொங்கவிடுற தண்ணி புகாத பையும் வாங்கியாச்சு.

இப்பல்லாம் ராத்திரி மாமா தன் போனை சார்ஜ்ல போடுறதுக்கு முன்னாடி அந்த செட்டைப் போடுறாரு. வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு நல்ல பிளக்கு.