பெட்டி வேண்டாமாம்!

எம்.கே. தியாகராஜ பாகவதருக்குத் திருச்சியில் மணிமண்டபம் எழும்பிவிட்டது, சந்தோஷம். 1959இல் மறைந்தவரை அடக்கம் செய்த சங்கிலியாண்டபுரம், காட்டூரில் இருக்கும் எனக்கு அதிகத் தூரமில்லை. அவர் நினைவாகப் பாட்டு நிகழ்ச்சி வைத்தவர்கள் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கும் என்னையும் அழைத்தார்கள். "ஆர்மோனியப் பெட்டி வேண்டாங்கய்யா, பதிவு பண்ணின டிராக் இருக்கு. நீங்க சும்மா வந்து உட்காருங்க." நான் போகவில்லை.

நாடக மேடைக்குப் பெட்டிதான் முதுகெலும்பு. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி ஐயர் வாசித்தார். பாகவதரும் மேடை வளர்த்த பிள்ளைதான், எஃப்.ஜி. நடேச ஐயர் போட்ட அரிச்சந்திராவில் லோகிதாசனாக ஏறியவர். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டிய சாரீரம் அது.

நாடகத்தில் கதாநாயகனாக வரும் ராஜபார்ட் திரைக்கு உள்ளேயிருந்தே பாட்டை எடுத்துக்கொண்டு வருவார். எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி என்று சொல்ல மாட்டார். முதல் சொல் முடிவதற்குள் என் விரல் ஸட்ஜத்தில் நிற்க வேண்டும். நாலரைக்கு ஒரு விரல் போக்கு, அஞ்சுக்கு வேறு. இன்றைய பையன்கள் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, எல்லாக் கட்டைக்கும் ஒரே விரலில் வாசிக்கிறார்கள். காது எப்படி வளரும்?

1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கியது. 1971இல்தான் தடை கொஞ்சம் தளர்ந்தது. பெட்டியில் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, பேசாது என்றார்கள். பேசாதுதான். எங்கள் வாத்தியார் அதற்கும் வழி வைத்திருந்தார். தோடியை எடுத்தால் காந்தாரத்தில் கை வைக்க விடமாட்டார். "அது தொண்டைக்காரன் சொத்துடா. நீ ஸட்ஜத்தைப் பிடிச்சுக்கிட்டுக் காத்தைக் குறை" என்பார். இடது கை துருத்தியைத் தளர்த்தும். பெட்டி முனகலாக இறங்கும். குரல் தனியே அசைந்து மேலே போகும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் அடியின் வாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் துருத்திக் கைக்காக மாதக்கணக்கில் வலது கையைப் பெட்டியின் கட்டைகளில் வைக்கவே விடவில்லை அவர். மேடையில் கை முந்தினால் எல்லார் முன்னாலும் முறைப்பார்.

டிராக் யாருக்கும் காத்திருக்காது. அதற்குப் பின்னால் ஓடுகிறவன் பாடகன் இல்லை.

மண்டபத்தைக் கவனிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருஷத்தில் ஒரு நாள், மைக்கும் டிராக்கும் இல்லாமல் பிள்ளைகளை அங்கே பாட விடுங்கள். பெட்டியை நான் கொண்டுவருகிறேன்.