கால் வலி என்ற பொய்

2022 ஆடி மாதம் ஆரணியில் பாவு வாங்கிக்கொண்டு சந்தவாசலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். லாரியை முந்தப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து ரத்தம் கொட்டியதாம். வேலூரில் அதை எடுத்துவிட்டுத்தான் உயிரைப் பிடித்து வைத்தார்கள். முதல் 48 மணி நேரச் செலவு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் போயிற்று. மண்ணீரல் இல்லாதவன் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாது. இவ்வளவும் எளிதில் பழகிவிட்டது.

பழகாதது வலது பாதம். முழங்காலருகே நரம்பு நசுங்கியதால் பாதம் தொங்கிப்போனது. அழுத்த வரும், தூக்க வராது. குழித்தறியில் மிதியை அழுத்தினால் மட்டும் போதுமா? அடுத்த மிதிக்குப் பாதம் தாவ வேண்டும். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளருமாம். ஒரு நாளில் ஒரு முழம் நெய்தவனுக்கு அந்தக் கணக்கே அவமானமாக இருந்தது.

பிசியோதெரபி கொடுத்தவர் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொன்னார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையத்துக்கு அவர் பெயர்தான். "அவங்களுக்குக் கை போதும் சார், தறிக்குக் கால் வேணுமே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். நல்ல சாக்கு கிடைத்த திருப்திகூட இருந்தது.

கால் வலி நின்று நாலு மாதம் ஆன பிறகும் வலிக்கிறது என்றேன். இருபது வருடம் நெய்தவன், மனைவி தறியில் உட்கார, திண்ணையில் நாடாவுக்கான நூலைத் தார் சுற்றினேன். யாராவது வந்தால் ராட்டையைத் தள்ளி வைத்துவிடுவேன். சோற்றில் உப்பில்லை என்று தட்டை எறிந்ததும் அப்போதுதான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவள் தறியை விட்டு எழாமலே கேட்டாள்: "ஏங்க, ராத்திரி கொல்லைக்குப் போறப்ப மட்டும் வலிக்கலையா?"

பதில் வரவில்லை. அழுகைதான் வந்தது. விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை அழுதேன். நாடா ஓடும் சத்தம் நிற்கவில்லை. அதற்காக அவளுக்கு இன்றும் நன்றி.

மறுநாள் பழைய சேலைக் கரையைக் கிழித்து என் பாதத்தின் முன்பக்கம் சுற்றினாள். மறுமுனையை முழங்காலுக்குக் கீழே இழுத்துக் கட்டினாள். பாதம் தொங்காமல் நின்றது. (பிசியோதெரபி சார் பார்த்துச் சிரித்தார், கடையில் இதையே காசுக்கு விற்கிறார்களாம்.) குழியில் இறங்கினேன். எந்த மிதியில் கால் இருக்கிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்து, சாயங்காலத்துக்குள் இரண்டு விரற்கடை நெய்தேன். மூன்று இழை அறுந்தது. அவள் வந்து முடிச்சுப் போட்டுவிட்டு, தார் சுற்றப் போனாள்.