பெருந்துறைக் குருந்து அண்ணாமலையில்

கிரிவலம் வரும் அன்பர்களுக்கு இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திருமேனிகளும் மனப்பாடம். ஆனால் வருண லிங்கத்தைத் தாண்டி, அடி அண்ணாமலையை நெருங்கும் இடத்தில் மாணிக்கவாசகப் பெருமானுக்கென்று ஒரு சிறு கோயில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பௌர்ணமி இரவில் சென்றால் கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திருவெம்பாவை அருளப்பெற்ற இடம் இதுவே என்பது வழிவழி வந்த நம்பிக்கை. சென்ற மாசியில், கூட்டமில்லாத ஒரு காலைப் பொழுதில், என் தமக்கையார் என்னை அங்கே அழைத்துச் சென்று வாயிலில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டவர் இங்கே வந்து பாடினார். அந்தக் குருந்து இந்த ஊரில் எங்கேயடா இருக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணாமலையார் கோயிலின் தலமரம் மகிழம் என்பது தெரியும். குருந்தைப் பற்றி யோசித்ததே இல்லை.

தமக்கையாருக்கு வயது எழுபத்தொன்பது. நாங்கள் பிறந்தது அறந்தாங்கிப் பக்கம். திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயில்தான் எங்களுக்குப் பெரிய கோயில். அங்கே சுவாமிக்கு லிங்கத் திருமேனி இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. அம்பாள் யோகாம்பிகைக்கும் திருவடிகள்தாம். உருவமே இல்லாத அந்தச் சந்நிதியில் கண்ணுக்குத் தெரியும் ஒரே சாட்சியாக நின்றது, இறைவன் குருவாய் எழுந்தருளிய குருந்து. அதே இன மரம் ஒன்று எங்கள் வீட்டுக் கொல்லைவேலியிலும் இருந்தது. அதன் காயை அன்னையார் உப்பிலிட்டு வைப்பார். அந்த வீடும் விற்றுப்போயிற்று; மரமும் வெட்டுண்டது. மணமாகி இவ்வூருக்கு வந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆன பின்னர், தம் வீட்டுக் கொல்லையில் ஒரு குருந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அக்காளுக்கு எழுந்திருக்கிறது.

குருந்து எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊர்ப்பக்கம் இதனைக் காட்டு எலுமிச்சை என்றும் சொல்வார்கள். சிறு மரம், முள் உண்டு, வெள்ளைப் பூ, நல்ல மணம். காய் நெல்லிக்காய் அளவில் உருண்டு, பார்வைக்குச் சின்னஞ்சிறு எலுமிச்சைபோலவே இருக்கும். இலையைக் கசக்கினால் நாரத்தை வாசம் வரும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் இதுவும் ஒன்று. கோபியரின் ஆடைகளைக் கண்ணன் தூக்கி வைத்ததும் குருந்தின்மேல்தான் என்பதை நாச்சியார் திருமொழி ஓதுவோர் அறிவர். சைவத்துக்கும் வைணவத்துக்கும் பொதுவான இம்மரத்தை இன்று பத்துப் பேரிடம் காட்டினால் ஒருவருக்காவது பெயர் தெரியுமா என்பது சந்தேகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் அன்றாடம் அர்ச்சிக்கும் வில்வமும் இதே குடும்பம்தான். விளாவும் கறிவேப்பிலையும்கூட அவ்வாறே. பல கோயில்களில் மகாவில்வம் என்று வணங்கப்படும் மரமும் இவற்றின் உறவே. அதன் இலைக்காம்பில் இருபுறமும் சிறகு விரிந்திருப்பதைப் பார்த்து அடையாளம் காணலாம். எலுமிச்சையை அம்மனுக்கும் வில்வத்தை ஈசனுக்கும் சாத்துகிறோம். இரண்டும் உறவென்று தாவர நூலார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மகாகணபதி தியானத்தில் வரும் பீஜாபூரம் என்ற கனியை நம்மில் பலர் மாதுளை என்று பொருள் கொள்கிறோம். பெயர் விதை நிறைந்தது என்று பொருள்படுவதால் அந்த மயக்கம். உண்மையில் அது மாதுலுங்கம், தடித்த தோலுடைய பெரிய எலுமிச்சை இனக் கனி. கோலாப்பூர் மகாலட்சுமி திருக்கரத்தில் ஏந்தியிருப்பதும் அதுவே. மேகாலயத்தின் காரோ மலையில் நோக்ரெக் என்னும் காட்டுப்பகுதியை, காட்டு ஆரஞ்சு இனம் அழியாமல் இருப்பதற்கென்றே காப்பிடமாக வைத்திருக்கிறார்கள். அங்குள்ள மக்கள் அக்கனியை இறந்தோர்க்குரிய சடங்குகளில் பயன்படுத்துகிறார்கள். சாமிக்கு ஆனாலும் முன்னோர்க்கு ஆனாலும் இந்தக் குடும்பத்துக் கனியைத்தான் மனிதன் தேடிப்போயிருக்கிறான் போலும்.

தமக்கையாரின் ஆசையை நிறைவேற்றுவது எளிது என்றே எண்ணினேன். உறவினர் ஒருவர் ஊரிலிருந்து ஒரு கைப்பிடிக் குருந்தம்பழம் அனுப்பினார். பூசணி விதையையும் அவரை விதையையும் பக்குவப்படுத்துவதுபோல, விதைகளைக் கழுவித் தாம்பாளத்தில் பரப்பி, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தேன். பிறகு காகிதத்தில் மடித்து வைத்து, நல்ல நாள் பார்த்து ஊன்றினேன். ஆறு வாரம் அக்காள் தினமும் தண்ணீர் தெளித்தார். ஒன்றும் வரவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தபோது விதைகள் வெறும் சக்கையாக இருந்தன. "உனக்குப் பொறுமை இல்லை" என்றார். பொறுமையைவிட அறிவுதான் இல்லை என்று பிறகு தெரிந்தது.

அடுத்து நடந்தது எனக்கு வெட்கம் தருவது. கிரிவலப் பாதையின் ஓரம், காட்டை ஒட்டி, முள்ளுடன் ஒரு புதர் நின்றது. இலையைக் கசக்கிப் பார்த்தேன், அதே வாசம். உள்ளே நாலைந்து காய்கள் மஞ்சளித்திருந்தன. கையை நீட்டினேன். "ஐயா, அதைத் தொடாதீர்கள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். காட்டுக்கு நீர் சுமந்து செல்லும் இளைஞர் ஒருவர். "இது காப்புக்காடு. ஓர் இலைகூட எடுக்கக்கூடாது. அதோடு, இந்த மலையில் திரும்பி வந்திருக்கும் சில மரங்களில் இதுவும் ஒன்று. இதன் பழத்தைப் பறவைதான் கொண்டுபோய்ப் போட வேண்டும்" என்றார்.

சிவபூமியில் திருட இருந்தேன் என்ற எண்ணம் உறுத்தியது. சுவாமியின் மரத்தைக் கொல்லையில் வைக்கத்தானே என்று உள்ளம் சமாதானம் தேடியதை மறைக்கப் போவதில்லை. அன்றிரவு அக்காளிடம் சொன்னபோது, "நல்லவேளை, அந்தப் பிள்ளை தடுத்தான்" என்று மட்டும் சொன்னார்.

இந்த மலையின் கதையும் அதுவேயல்லவா? 2,668 அடி உயர்ந்து நிற்கும் அருணாசலம் ஒரு காலத்தில் மரமிழந்து பாறையும் புல்லுமாய்க் கிடந்தது. புல் உயரமாய் வளர்ந்து கோடையில் காய்ந்து நிற்கும். ஒரு தீக்குச்சி போதும். 1980களின் இறுதியில் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்ற அமைப்பு மரம் நடும் பணியைத் தொடங்கியது. பின்னர் ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையும் இந்த மலைக்கே உரிய மரங்களை வளர்த்து நட்டு வருகிறது. வனத்துறையும் நடுகிறது. நட்டால் மட்டும் போதாது. ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் புல்லை வெட்டித் தீ பரவாத இடைவெளிகளை உண்டாக்குகிறார்கள். எரிந்தால் இலைக்கொத்துகளால் அடித்து அணைக்கிறார்கள். பத்து ஆண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் சாம்பலாகிவிடக்கூடும்.

மலைச்சரிவின் நிலைமை வேறொரு விதத்திலும் நம் நினைவில் தங்கியிருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரே வீட்டிலிருந்த ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அந்த வாரம் தமக்கையார் விளக்கேற்றியும் உணவு கொள்ளவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கத்துச் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிடுகிறார்.

அந்த இளைஞரே வழி சொன்னார். நாட்டு மரக்கன்றுகள் வளர்க்கும் நாற்றுப்பண்ணை ஒன்றின் பெயரைக் கூறி, "அங்கே கேளுங்கள், விதையும் தருவார்கள், விவரமும் சொல்வார்கள்" என்றார். மறுநாள் சென்றோம். அக்காள் ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே, வரிசையாக இருந்த பைகளின் நடுவே ஒரு கன்றின் இலையைத் தடவி முகர்ந்து, "இதுதான்" என்றார். அறுபது ஆண்டுக்குப் பின்னரும் வாசனை மறக்கவில்லை. அங்கிருந்த பெண்மணி கன்று தர முன்வந்தார். அக்காள் மறுத்துவிட்டார். விதையிலிருந்தே வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அந்த அம்மையார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் முயல்வோர்க்கு உதவும். எலுமிச்சை இனத்து விதை நெல்லைப்போலக் காய்ந்து உறங்கக்கூடியதன்று. காய்ந்தால் உயிர் போய்விடும். பழம் நன்கு பழுத்த பின், விதையை எடுத்துச் சதைப்பசை போகக் கழுவி, நிழலில் ஈரம் மட்டும் வடியவிட்டு, அன்றோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். அனுப்ப வேண்டுமானால் பழமாகவே அனுப்புவது நல்லது. செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த பையில் விரற்கடை ஆழம் போதும். நீர் தேங்கக்கூடாது, உச்சி வெயில் படக்கூடாது. வில்வ விதைக்கும் இதுவே முறை. அதன் விதையைச் சுற்றியிருக்கும் பிசினை மட்டும் மணல் போட்டுத் தேய்த்துப் போக்க வேண்டும். எலுமிச்சை, நாரத்தை போன்றவற்றின் சில விதைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முளை எழும். பதற வேண்டாம், அவற்றுள் சில தாய்மரத்தையே ஒத்திருக்கும்.

அவர் ஏழு பழங்களைத் தாமரை இலையில் மடித்துக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்தார். வீட்டுக்கு வந்தவுடனே விதைகளை எடுத்தோம். பதினொன்று தேறின. அன்று மாலையே ஊன்றினோம், நாள் பார்க்கவில்லை. நான்காம் வாரம் வியாழக்கிழமை காலையில் அக்காள் தொலைபேசியில் அழைத்தார். "ஒன்று தலை தூக்கியிருக்கிறது" என்றார். பிறகு மூன்று வந்தன. மொத்தம் நான்கு.

ஆனியில் நான் சென்றபோது ஒரு கன்றின் இலைகளில் பாதி இல்லை. பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருந்த புழுக்கள் தின்றிருந்தன. எலுமிச்சை இனச் செடிகளில் முட்டையிடும் பட்டாம்பூச்சியின் குஞ்சுகள் அவை. மருந்து வாங்கி வரட்டுமா என்றேன். "வேண்டாம். அதற்கும் இந்த மரத்தைவிட்டால் ஏது போக்கு? நாலில் ஒன்றை அதற்கு விட்டுவிட்டேன்" என்றார்.

இப்போது ஒரு கன்று கொல்லையில் நடப்பட்டுவிட்டது. இரண்டாவதை அந்த நாற்றுப்பண்ணைக்கே கொடுத்தார். அவர்கள் மழையில் மலைச்சரிவில் வைப்பார்கள். மூன்றாவது எனக்காம். அது காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும் என்று நான் சொன்னபோது, அக்காள் கணக்குப் பார்க்கவில்லை. வில்வ இலை பறிக்கும் கூடையை எடுத்துக்கொண்டு, "மாணிக்கவாசகர் கோயிலுக்கு ஒருதரம் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும்; ஆட்டோவைக் கூப்பிடு" என்றார்.