ஐஸ் கிண்ணத்தின் ஐந்தொகை

ஜகார்த்தா பக்கம் போகிற யோகம் உங்களுக்கு வாய்த்தால், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மதியத்தில் 'எஸ் சம்பூர்' கேளுங்கள். எஸ் என்றால் ஐஸ், சம்பூர் என்றால் கலவை.

பேர்தான் ஐஸ். சீவிய ஐஸ் மலையை ஸ்பூனால் தோண்டினால், அடியில் ஒரு மளிகைக் கடையே இருக்கும். பட்டர் ஃப்ரூட், தேங்காய் வழுக்கை, பலாச்சுளை, 'சிஞ்சாவ்' என்கிற கறுப்பு ஜெல்லி, ஃபலூடாவில் நாம் போடும் அதே சப்ஜா விதை. அப்புறம் 'கோலாங் காலிங்'. ஒரு வகைப் பனையின் இளம் விதை, நம்ம நுங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. சில கடைகளில் லேசாகச் சாராய வாசனையோடு புளித்த மரவள்ளியும் உண்டு. மேலே சிவப்பு சிரப், அதற்கும் மேலே கன்டென்ஸ்டு மில்க்.

பி.காம். படித்தவனுக்குக் கிண்ணத்தைப் பார்த்தாலும் பற்று, வரவுதான் தெரியும். ஐஸில் கலோரி பூஜ்யம். சிஞ்சாவும் கோலாங் காலிங்கும் பெரும்பாலும் தண்ணீர். பட்டர் ஃப்ரூட்டில் 100 கிராமுக்கு 160 கலோரி இருந்தாலும் நல்ல கொழுப்பு, நார்ச்சத்து. 'பழம்தானே சார்' என்று மனசு சப்பைக்கட்டு கட்டும்.

வில்லன் மேலே இருக்கிறான். கன்டென்ஸ்டு மில்க்கில் பாதிக்கு மேல் சர்க்கரை. அது இரண்டு மேஜைக்கரண்டி, சிரப் இரண்டு என்று வையுங்கள். 45 கிராம் சர்க்கரை ஆச்சு. இந்தோனேசிய சுகாதார அமைச்சகம் 2013-ல் சொன்ன ஒரு நாள் வரம்பே 50 கிராம்தான். உலக சுகாதார நிறுவனம் இன்னும் கறார்: முடிந்தால் 25. இதில் இன்னொரு சூது, சில்லிப்பில் நாக்குக்கு இனிப்பு உறைக்காது. அதனால் கை தாராளமாகவே ஊற்றும்.

கிண்ணத்தோடு நின்றால் பரவாயில்லை. அந்த டின்னைப் பால் என்றே நம்பிக் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுத்த வீடுகள் அங்கே ஏராளம். 2018-ல் அரசின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பு தலையிட்டு, அதன் விளம்பரத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காட்டக் கூடாது, பாலுக்குச் சமம் என்று சொல்லக் கூடாது என்றது. எனக்கென்னவோ அது ரொம்ப லேட்.

அதற்காக, ரம்ஜானில் நாளெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, மாலையில் இதைக் கையில் வாங்குகிறவரிடம் போய்க் கலோரி பேச எனக்கு வாய் வராது.

நான் இரண்டாவது தடவை போனபோது, "சிரப் வேண்டாம், பால் ஒரு ஸ்பூன் போதும்" என்றேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். வெளுத்த முகத்தோடு கிண்ணம் வந்தது. பலாச்சுளை வாசனை அப்போதுதான் மூக்குக்கு எட்டியது.