கோப்பி அரைக்கப் போய்ப் படித்த பாடம்

இன்று காலையில் பசியாறும்போது என்ன குடித்தீர்கள்? கோப்பி என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். கோப்பி அரைக்கும் கருவி ஒன்றை வாங்கப் போய் நான் பட்ட பாட்டையும், படித்துக்கொண்ட பாடத்தையும் சொல்கிறேன். என்னைப் போல நீங்களும் காசை வீணாக்க வேண்டாம் அல்லவா?

என் அப்பாவுக்கு வயது 74. முப்பத்தைந்து ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் அம்மா கலக்கிக் கொடுக்கும் கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார். டின் பால் ஊற்றி, அதற்கு மேல் இரண்டு கரண்டி சீனியும் போட்ட கோப்பி. நம் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் அப்படித்தானே பழக்கம்? அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடு வந்து தங்கிவிட்டார்.

சென்ற ஆண்டு அவர் காலில் பட்ட சிறு காயம் ஆறவே இல்லை. கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். இனிப்புநீர் என்றார்கள். சீனியையும் டின் பாலையும் நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். நான்தான் ஆசிரியை ஆயிற்றே! அன்று மாலையே வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். சீனிப் புட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அப்பாவுக்கு வெறும் வரக்கோப்பி. ஒரு வாய் குடித்தார். குவளையைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், உங்க அப்பா தினமும் கோப்பிக் கடையில உட்கார்ந்திருக்காரு" என்றான். அன்று நான் அப்பாவிடம் பேசியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை அதட்டுவது போல அதட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு மிச்சம் இருக்கிறது இந்த ஒரு கோப்பிதான்மா. அதையும் நீ கசாயமாக்கிட்டே" என்றார்.

அன்று இரவு நான் போட்ட வரக்கோப்பியை நானே குடித்துப் பார்த்தேன். அப்பா சொன்னது சரிதான். கருகல் நெடியும் கசப்பும் தவிர வேறு ஒன்றுமில்லை. நாம் வழக்கமாக வாங்கும் கோப்பித்தூள், கொட்டையோடு சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து அரைத்தது. டின் பாலோடு குடிப்பதற்குத்தான் அது பொருத்தம். பாலையும் சீனியையும் எடுத்துவிட்டால் கசப்புதான் மிஞ்சும்.

பட்டணத்தில் கொட்டை வறுக்கும் கடை ஒன்றில், சீனி சேர்க்காமல் வறுத்த ஜொகூர் லிபெரிக்கா கொட்டை அரைக் கிலோ வாங்கி வந்தேன். அரைப்பது எப்படி? என் பாட்டி உரலில் இடிப்பார். இப்போது உரலுக்கு எங்கே போவது? மின்சாரச் சாமான் கடையில் 59 வெள்ளிக்கு ஒரு சிறு அரைக்கும் இயந்திரம் வாங்கினேன். பொத்தானை அழுத்தியதும் உள்ளே தகடு விர்ரென்று சுழன்றது. அரை நிமிடத்தில் தூள். எனக்கு ஒரே பெருமை. ஆனால் அந்தக் கோப்பி கசக்கவும் செய்தது, புளிக்கவும் செய்தது! அப்பா மறுபடியும் குவளையைக் கீழே வைத்தார்.

அந்தக் கொட்டைக் கடையில் வேலை செய்கிறவன் என்னிடம் மூன்றாம் ஆண்டில் படித்த மாணவன். அவனிடம் தூளைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பரப்பினான். "பாருங்க டீச்சர், இங்கே மாவு மாதிரி இருக்கு, இங்கே நொய் மாதிரி இருக்கு" என்றான். தகடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. சுடுதண்ணீர் பட்டதும் மாவிலிருந்து எல்லாம் இறங்கிக் கசக்கிறது. நொய்யிலிருந்து பாதிகூட இறங்காமல் புளிக்கிறது. இரண்டும் ஒரே குவளையில் சேர்ந்தால் ருசி எங்கிருந்து வரும்?

அவன் காட்டியது கையால் சுற்றும் கருவி. உள்ளே பல்வைத்த இரண்டு எஃகுச் சக்கரங்கள். பாட்டிமாரின் திருகைக் கல்லைப் போலத்தான். இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி வழியாகத்தான் கொட்டை அரைபட்டு வெளியே வர வேண்டும். அதனால் தூள் ஏறக்குறைய ஒரே பருமனாக விழுகிறது. அடியில் உள்ள திருகைத் திருப்பி அந்த இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். விலை 150 வெள்ளி. முதலிலேயே விசாரித்திருந்தால் 59 வெள்ளி மிச்சம்! அன்று மாணவன் ஆசிரியராக இருந்தான், நான் மாணவியாக நின்றேன்.

வீட்டுக்கு வந்து அளவு வைக்கத் தெரியாமல் தடுமாறினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்கே கொடு" என்று வாங்கினார். கொஞ்சம் அரைத்து, விரலில் தேய்த்துப் பார்த்தார். திருகை ஒரு சுற்று இறுக்கினார். "மரம் வெட்டற மாதிரிதான்மா. ஆழமாப் போனா மரம் புண்ணாகும். மேலோட்டமா வெட்டினா மங்குல பால் இறங்காது. நடுவுல ஒரு அளவு இருக்கு, அது கைக்குத்தான் தெரியும்" என்றார். மூன்றாவது தடவை அளவு சரியாக அமைந்துவிட்டது. கோப்பியை வடித்துக் கொடுத்தேன். குவளை காலியானது. சீனி கேட்கவில்லை.

அவருக்கு வேண்டியது வெறும் கோப்பி மட்டுமல்ல என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. வாழ்நாளெல்லாம் உழைத்த கைகளைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, சட்டம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேனே!

நம் குடும்பங்களுக்கும் கோப்பிக்கும் உறவு பழையது. ரப்பருக்கு முன்னால், 1890களில், சிலாங்கூரில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கே உழைத்தவர்களில் நம் தமிழர்களும் உண்டு. பிரேசில் கோப்பி பெருகி விலை விழுந்த பிறகுதான் துரைமார்கள் ரப்பருக்கு மாறினார்கள். இன்று அந்த ரப்பரும் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டது.

கருவி வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தகடு சுழலும் இயந்திரத்தை மிளகு, சீரகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோப்பிக்குப் பல்சக்கரம் உள்ளதே நல்லது. சக்கரம் ஆடாமல் இருக்கிறதா, பிடி கைக்கு அடங்குகிறதா என்று சுற்றிப் பார்த்து வாங்குங்கள். துணி வடிகட்டிக்குச் சீனிப் பருமனில் அரைக்கலாம். பித்தளை வடிகட்டிக்கு அதைவிட நைசாக வேண்டும். அரைத்து வைத்தால் மணம் பறந்துவிடும், ஆகவே வேண்டிய அளவு மட்டும் அவ்வப்போது அரையுங்கள். ஒருவருக்கு 15 கிராம் கொட்டை, 240 மில்லி தண்ணீர் போதும். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். எஃகுச் சக்கரத்தைத் தண்ணீரில் கழுவாதீர்கள், துருப்பிடிக்கும். சிறு தூரிகையால் தட்டினால் போதும். சீனி சேர்த்து வறுத்த கொட்டையை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள். பல்லில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும்.

அப்பாவின் காயம் டாக்டர் கொடுத்த மருந்தால் ஆறியது. மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் தொடர்கின்றன. அந்தப் பெருமையைக் கோப்பிக்குக் கொடுக்க மாட்டேன். இன்றும் வாரத்துக்கு ஒருமுறை கூட்டாளிகளைப் பார்க்கக் கோப்பிக் கடைக்குப் போகிறார். "சீனி போடாமத்தான் குடிச்சேன்" என்கிறார். நான் துருவிக் கேட்பதில்லை. விடியற்காலையில் அடுக்களையிலிருந்து கரகரவென்று சத்தம் கேட்கிறது. இப்போதெல்லாம் அப்பாதான் எனக்குக் கோப்பி போட்டுக் கொடுக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இனிப்புநீர் உள்ள பெரியவர்கள் இருப்பார்கள். சீனிப் புட்டியை ஒளித்து வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், சகோதரிகளே. அதன் இடத்தில் என்ன கொடுக்கலாம் என்று அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.