கிழக்குச் சுவரோரத்து டேலியா

கரிசல் பூமியில் டேலியா வளர்க்க முற்பட்டவனை ஊர் எப்படி அழைக்கும் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. விருதுநகரில் எங்கள் வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு பாத்தி கட்டி, கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த ஆறு கிழங்குகளை நட்டேன்.

மெக்சிகோவின் மலைநாட்டுச் செடி அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாட்ரிட் தோட்டத்தை அடைந்து, டால் என்ற ஸ்வீடன் தாவரவியலாளரின் பெயரைப் பெற்றது. எங்கள் ஊரில் மார்கழி, தை மாதக் குளிரை நம்பித்தான் அது பூக்கவேண்டும். ஐப்பசி மழையைக் கரிசல் மண் விடாமல் பிடித்துக்கொள்ள, முதலாண்டில் நான்கு கிழங்குகள் அழுகிப்போயின. மறு ஆண்டு மணலும் மக்கிய சாணமும் கலந்து பாத்தியை ஓரடி உயர்த்தினேன். எஞ்சிய இரண்டையும் முளைக்கண் கெடாமல் பிளந்து நட்டேன். நுனி கிள்ளினேன். அதன் தண்டு உள்ளே வெறும் குழல். பூவின் கனம் தாங்காது என்பதால் குச்சி ஊன்றிக் கட்டினேன். தை பிறந்த வாரத்தில் முதற்பூ விரிந்தது. அடர்சிவப்பு, உள்ளங்கை அகலம்.

அம்மா வந்து பார்த்தாள். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள்.

"வாசமும் இல்ல, தலையில வைக்கவும் ஆகாது. மேல போயி வெடிச்ச மாதிரில்ல இருக்குய்யா."

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. வானில் சில பெரிய பொறிகளாக விரியும் ஒருவகை வாணத்துக்கு டேலியா என்றே பெயருண்டு என்றும், அந்தச் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம் உப்பால் வருவது என்றும் வகுப்பெடுத்தேன். ஆசிரியப் புத்தி. அம்மா பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது சொன்னாள்: "உங்க சித்தி காய்ச்சல்ல போகலய்யா."

நாற்பதாண்டுகளாக நான் நம்பியிருந்தது காய்ச்சல். நடந்ததோ, மணிமருந்து காயவைக்கும் மேடையில். மழை குறைந்த சீமை என்பதால் இங்கே வேரூன்றிய தொழில். அன்றும் நல்ல வெயிலாம். அம்மா அடுத்த அறையில் திரி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பூக்கள் ஓய்ந்து, பங்குனியில் இலைகள் பழுத்தன. கிழங்குகளைத் தோண்டியெடுத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போடக் கொண்டுபோனேன். அம்மா முறத்தோடு வாங்கிக்கொண்டாள். திண்ணை நிழலில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து இடைவெளி விட்டு வைத்தாள். நான் உதவப் போனபோது என் கையை விலக்கினாள்.

"ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாது" என்றாள்.