மல்லி வண்டி ஏன் விருதுபட்டிக்குப் போயிற்று?

பந்தல்குடிக்குத் தெற்கே கரிசல் காட்டில் மானாவாரியாக மல்லி விதைத்துப் பிழைத்த என் தாய்வழிப் பாட்டனார், அறுப்பும் தூற்றலும் முடிந்தபின் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழியிலேயே இருந்த அருப்புக்கோட்டையில் விற்காமல், இன்னும் வெகுதூரம் மாடுகளை வருத்தி விருதுபட்டிக்குத்தான் போவாராம். 1923இல் அவ்வூர் விருதுநகர் என்று பெயர் மாறிய பிறகும் அவர் நாவில் அது விருதுபட்டியாகவே இருந்தது என்பதையும், போன காரியம் முடிய இரண்டொரு நாளாகும் என்பதையும் என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேனே தவிர, கைக்கெட்டிய சந்தையை விட்டுவிட்டு அவர் ஏன் அத்தனை தூரம் போனார் என்பதை யாரும் சொல்லவில்லை.

யாரைக் கேட்டாலும், “ரயில் வந்தது, சந்தை வளர்ந்தது” என்ற ஒரே வாக்கியத்தை மந்திரம்போல் உச்சரித்தார்கள். மிளகாயோ பருப்போ எண்ணெய் வித்தோ தன் எல்லைக்குள் பெரிதாக விளையாத ஓர் ஊர், அவற்றுக்கெல்லாம் விலை சொல்லும் ஊராகப் பத்திரிகைகளில் பிரசித்தி பெற்றிருப்பதற்கு இவ்வளவு சுலபமான சமாதானம் போதுமா என்ற எரிச்சலே என்னை இந்த விசாரணையில் இறக்கியது.

ரயில் சரித்திரத்தையே முதலில் பிடித்துக்கொண்டேன். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் பாதை திறந்தது. அருப்புக்கோட்டைக்கோ 1960களில்தான் ரயில் வந்தது. ஆகவே பாட்டனார் ரயிலடியைத் தேடிப் போனார் என்று திருப்தியடைந்திருக்கலாம். ஆனால் அதே பாதையில் சாத்தூரும் இருக்கிறது, கோவில்பட்டியும் இருக்கிறது. கோவில்பட்டி பஞ்சாலை வழியில் போயிற்று என்று ஒதுக்கினாலும், சாத்தூரை என்ன செய்வது? கரிசல் மண்ணும் அதுவே, வண்டிப் பாதையும் அதைப் போன்றதே, இருப்புப் பாதையோ சாட்சாத் அதுவே. நூலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டிய நாட்களில் இந்தச் சாத்தூர் என் யுக்திகள் அனைத்தையும் வழிமறித்துக்கொண்டு நின்றது. 1927இல் தென்காசிப் பாதை கிளை பிரிந்ததால் விருதுநகர் சந்திப்பாயிற்று என்று ஒரு நண்பர் கைகொடுத்தார்; ஆனால் என் தாயார் சொன்னபடி, பாட்டனாரின் தகப்பனாரே அங்குதான் வண்டி கட்டினார்.

இந்த நிலையில்தான், கமிஷன் மண்டி ஒன்றில் ஆயுள் முழுதும் பேரேடு எழுதி ஓய்ந்த ஒரு கணக்கப்பிள்ளையைச் சந்தித்தேன். தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த அவர், ரயிலைப் பற்றி நான் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. காபி வந்தது, வெற்றிலை வந்தது, பேரனின் உத்தியோகப் பெருமை வந்தது. ரயில் மட்டும் வரவில்லை. நான் விடவில்லை, அவரும் அசையவில்லை. கடைசியில் சற்றுக் கோபத்தோடு, “ரயிலை விடுங்க தம்பி. ஒங்க தாத்தா ராத்திரி மாட்டை எங்கே அவுத்துக் கட்டுனாரு? அதைச் சொல்லுங்க மொதல்ல” என்றார்.

“தெரியலையே ஐயா” என்றேன்.

“பெறகு என்னத்தைத் தேடுறீக?”

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் தண்டவாளத்தை விட்டு வண்டித் தடத்துக்குத் திரும்பினேன். ரயிலுக்கு முந்திய காலத்தில், தெற்கேயிருந்து கருப்புக்கட்டியும் கருவாடும் ஏற்றிவந்த நாடார் வணிகர்கள், கள்வர் பயம் மிகுந்த அந்தப் பாதைகளில், வண்டியும் சரக்கும் மாடும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கென்று சுவர் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தார்கள். கிணறும் காவலும் அங்கே உண்டு. அச்செலவுக்காக வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, உறவின்முறை என்னும் தங்கள் சமூகச் சபையின் பொதுநிதியில் சேர்த்தார்கள். குடும்பத் தலைவர்கள் முறைவைத்து நிர்வகித்தார்கள்.

உற்சாகம் நெடுநேரம் நிலைக்கவில்லை. அப்படிப் பேட்டை கண்ட ஊர்களில் அருப்புக்கோட்டையும் ஒன்று! திருமங்கலத்துக்குப் பேட்டையும் ரயிலும் இரண்டுமே உண்டு. எனினும் கூப்பிடு தூரத்தில் மதுரை என்னும் மகாசமுத்திரம் இருக்கையில் அது தனிச் சந்தையாகத் தலையெடுக்க எங்கே இடம்? இரண்டும் வாய்த்து, பெரிய நகரத்தின் நிழலும் விழாத ஊர் விருதுபட்டிதான் என்று மறுபடி கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். அவர் பாதிதான் ஒப்புக்கொண்டார். மூட்டையை இறக்கி வைத்து, அவசரத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, விலை ஏறும்வரை காத்திருக்க மண்டியில் இடம் கிடைத்ததே சம்சாரியை இழுத்தது என்பது அவர் தீர்ப்பு. பாட்டனாருக்குப் பிடித்த அந்த இரண்டொரு நாள் தாமதத்தை நினைத்தால், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ரயில் வாங்குபவனைக் கொண்டுவந்தது. விற்பவனைக் கொண்டுவந்தது பேட்டையும் மண்டியுமே.

இதில் எனக்குப் பேரானந்தம் தந்த செய்தி வேறு. வீட்டுக்கு வீடு பிடியரிசி வசூலித்தும் மகமைப் பணத்தைக் கொண்டும் அவ்வூரார் போஷித்த க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். எங்கள் மல்லி மூட்டையிலிருந்து போன மகமையும் அதில் ஓர் அணாவாவது இருந்திருக்கும் என்று நம்புவதற்கு எனக்கு உரிமையுண்டு, நிரூபிக்கத்தான் வழியில்லை. அக்காலத்துச் சிட்டைகளையும் பேரேடுகளையும் தேடிப் போன இடங்களிலெல்லாம், வீடு மாற்றும்போது எடைக்குப் போட்டுவிட்டதாகவே சொன்னார்கள். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்து அன்பர்களே, உங்கள் பரணில் மண்டிக் கணக்கு ஏதேனும் கிடந்தால், தயைகூர்ந்து அதைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.